கிணற்றுக்கும் கீழே குடியிருப்பவை

ஆவணிக் கடைசியில், மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் அக்கா வீட்டுக் கிணற்றை இறைத்தோம். மாரி பிறக்குமுன் வருடாவருடம் செய்கிற வேலைதான். மோட்டரைப் போட்டுத் தண்ணீரை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஓர் ஆள் இறங்கி அடி மணலை வாளியில் அள்ளி வைப்பார். மேலே நின்று கயிறு இழுப்பது என் பங்கு. பத்தாம் ஆண்டு படிக்கும் அக்காவின் மகன், நாங்கள் கொட்டிய ஈர மணலைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தான். கேரளாவில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கண்ணில்லாத சிவப்பு மீன் வந்த வீடியோவை ஃபோனில் பார்த்திருக்கிறான்.

"மாமா, நம்மட கிணத்துக்குள்ளயும் அப்படி ஒண்டு இரிக்குமா?"

"ஒள்ளுப்பம் பொறு மனெ, வேல முடியட்டும்" என்றேன்.

வேலை முடிந்து பிளேன்டீ குடித்தபடி சொல்லத் தொடங்கியது, அன்று பாதியில் நின்றுவிட்டது. மீதியையும் சேர்த்து, விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் விளங்கும் மாதிரி இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பாடப் புத்தகத்துக்கு வெளியே எனக்கு மிகவும் பிடித்த விடயம் இதுதான்.

முதலில், தண்ணீர் நிலத்துக்கடியில் எப்படி இருக்கிறது என்பது தெளிவாக வேண்டும். கிணறு என்றதும் கீழே ஏதோ குளமோ ஆறோ ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கண்ணாடிக் கோப்பை நிறையக் கடற்கரை மணலை எடுங்கள். 'நிறைந்துவிட்டது' என்று தோன்றும். இனி அதற்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கோப்பையில் கால்வாசிக்கும் மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். மணிக்கும் மணிக்கும் நடுவே இருந்த வெற்றிடம் அவ்வளவு. வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் நம் காலுக்குக் கீழே இருப்பது இந்தக் கோப்பைதான், மிகப் பெரிய அளவில். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனால் கதை வேறு: அங்கே கீழே கடும்பாறை, தண்ணீர் நிற்பது அதன் வெடிப்புகளிலும் உக்கிய மேற்பகுதியிலும். சுண்ணக்கல் நாடுகளிலோ தண்ணீர் கல்லையே கரைத்து ஆள் நீந்தும் அளவுக்குக் குகைகளைச் செய்துவிடும். மணலோ, வெடித்த பாறையோ, ஓட்டை விழுந்த சுண்ணக்கல்லோ, தண்ணீரைப் பிடித்து வைத்து, தோண்டினால் கொடுக்கிற படையை நிலத்தடி நீர்ப்படுகை என்கிறோம். கிணறு என்பது அந்தப் படுகையில் நாம் திறந்து வைத்த ஒரு யன்னல்.

உலகில் பனியாக உறைந்து கிடப்பதைக் கழித்துவிட்டால், மிச்ச நன்னீரில் 95 வீதத்துக்கும் மேல் இப்படி நிலத்துக்கடியில்தான் இருக்கிறது. ஆறும் குளமும் வாவியும் அதற்கு முன்னால் கொஞ்சமே. இவ்வளவு பெரிய இடத்தை உயிர் சும்மா விட்டுவைக்குமா?

விட்டுவைக்கவில்லை. நிலத்தடி நீரில் காணப்படும் விலங்குகளில் சில தவறி விழுந்தவை. கிணற்றுக்குள் தவளை இருப்பது போல. சில மேலும் கீழும் வாழக்கூடியவை. மூன்றாவது வகை, நிலத்தடி நீரைத் தவிர வேறெங்கும் வாழ முடியாதவை. விஞ்ஞானிகள் இவற்றை ஸ்டைகோபைட் என்பார்கள். கிரேக்கரின் கதைகளில் பாதாள உலகத்தைச் சுற்றி ஓடும் ஸ்டிக்ஸ் என்ற ஆற்றின் பெயரிலிருந்து வந்த சொல். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக வெளிச்சமே படாமல் வாழ்ந்தவை என்பதால் பெரும்பாலானவற்றுக்குக் கண் இல்லை, அல்லது தோலுக்கடியில் புதைந்த ஒரு புள்ளியாக மிஞ்சியிருக்கிறது. நிறமும் இல்லை. உடம்பு வெள்ளையாக அல்லது கண்ணாடி போல இருக்கும். இரத்தம் தெரிவதால் சில இளஞ்சிவப்பாகத் தோன்றும்.

மருமகன் பார்த்தது அப்படியான ஒன்றைத்தான். ஹோராகிளானிஸ் என்ற கெளிற்று மீன் அது. நன்றாக வளர்ந்ததே 4 சென்ரிமீற்றர் அளவு. சுண்டு விரலை விடச் சிறியது. கோட்டயம் பக்கத்துக் கிணறுகளில் கிடைத்த முதல் இனத்துக்கு 1950இல் பெயரிட்டார்கள். அப்புறம் வேறு இனங்களும் தெரியவந்தன. 2023இல் பெயர் பெற்ற புதிய இனம் ஹோராகிளானிஸ் பொப்பியுலி. 'பொப்பியுலி' என்றால் இலத்தீனில் மக்களுடையது. அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு: ஆறு வருட ஆய்வில், கிணறு இறைக்கும்போதும் மேல்தாங்கியைக் கழுவும்போதும் குழாயைத் திறக்கும்போதும் இந்த மீனைக் கண்டு தகவல் கொடுத்தவர்கள் சாதாரண வீட்டுக்காரர்கள். கேரளாவின் செம்மண் கல்லுக்குள் குழல் குழலாக ஓட்டைகள் உண்டு. மீன்கள் அதற்குள் வாழ்கின்றன. வாளியோ மோட்டரோ இழுத்தால்தான் வெளியே வருகின்றன.

இதில் எனக்கு மனம் நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. இந்த விலங்குகளை ஆராய்கிறவர்களால் அவற்றின் வீட்டுக்குப் போகவே முடியாது. காட்டு யானையைப் படிப்பவர் காட்டுக்குப் போகலாம். பவளப்பாறை மீனைப் படிப்பவர் பாசிக்குடாவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதிக்கலாம். மணல் மணிகளுக்கு நடுவே உள்ள அரை மில்லிமீற்றர் இடைவெளிக்குள் யார் போவது? ஆகையால் தண்ணீர் வெளியே வரும் இடத்தில் காத்திருப்பதுதான் முழு வேலையும்.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் என்ற ஊரில் 1895இல் மீன் வளர்ப்பு நிலையம் ஒன்றுக்காகக் கிணறு துளைத்தார்கள். ஏறத்தாழ 58 மீற்றர் ஆழம் போனதும் தண்ணீர் தானாகப் பீறிட்டு மேலே வந்தது. கூடவே கண்ணில்லாத இறால்களும், அதுவரை யாரும் காணாத வெள்ளை நிறப் பிராணி ஒன்றும் வந்தன. பல்லி போன்ற உடம்பு, குச்சிக் கால்கள், தட்டையான மூக்கு, கழுத்தின் இரு பக்கமும் சிவப்புக் குஞ்சம் போலப் பூக்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள். குஞ்சம் என்று சொன்னது அதன் வெளிச்செவுள். அடுத்த வருடமே அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. இப்போது ரெக்சாஸ் குருட்டுச் சலமந்தர் என்கிறார்கள். அதே கிணறு இன்று பல்கலைக்கழக வளவுக்குள் இருக்கிறது. தண்ணீர் வெளியே விழும் வாயில் வலையைக் கட்டி, அதற்குள் விழுந்ததை எண்ணிப் படித்திருக்கிறார்கள். அந்தக் கிணறு இறங்கும் எட்வேர்ட்ஸ் நீர்ப்படுகையில் இப்படியான நிலத்தடி இனங்கள் 40க்கும் மேல் தெரிந்திருக்கின்றன. சான் அந்தோனியோ நகரத்துக்குக் கீழே, பல நூறு மீற்றர் ஆழக் கிணறுகளிலிருந்து இரண்டு வகைக் குருட்டுக் கெளிறுகள் கிடைத்தன. அவற்றைத் தம் சொந்த இடத்தில் நீந்தக் கண்ட மனிதர் ஒருவரும் இல்லை.

கண் எப்படிப் போனது என்ற கேள்விக்கு வகுப்பில் எப்போதும் வரும் பதில்: "பாவிக்காததால் தேய்ந்து போயிற்று சேர்." சார்ள்ஸ் டார்வின்கூட 1859இல் பாவனையின்மைதான் காரணம் என்றுதான் எழுதினார். ஆனால் ஒரு மீன் தன் வாழ்நாளில் கண்ணைப் பாவிக்காமல் விட்டால் அதன் குஞ்சுக்குக் கண் சிறுத்துவிடாது. கூர்ப்பு, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறும் முறை, அப்படி வேலை செய்வதில்லை. கண்ணை உருவாக்கும் பரம்பரையலகுகளில் (ஜீன்களில்) அவ்வப்போது பிழை விழும். வெளிச்சத்தில் வாழும் மீனில் அப்படிப் பிழை விழுந்தால் அது இரையைக் காணாது, எதிரிக்கு இரையாகும், பிழையும் அதோடு போய்விடும். இருட்டில் அந்தப் பிழையால் ஒரு நட்டமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

அதோடு ஒரு இலாபமும் இருக்கிறது. கண் செலவு மிக்க உறுப்பு. மெக்சிக்கோவில் ஒரு மீன் இருக்கிறது: ஆற்றில் வாழ்வதற்குக் கண் உண்டு, அதே இனம் குகையில் வாழ்ந்தால் கண் இல்லை. 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் அந்தச் செலவை அளந்தார்கள். 1 கிராம் எடையுள்ள குஞ்சு மீன் ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் 15 வீதம் கண்ணுக்கும் மூளையின் பார்வைப் பகுதிக்கும் போகிறது. 8.5 கிராம் வளர்ந்த மீனில் அது 5 வீதம். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாத இடத்தில், ஆளில்லாத அறையில் மின்குமிழ் எரிவது மாதிரியான செலவு அது. அந்தச் செலவை மிச்சம் பிடித்த மீன் பிழைத்துக்கொள்ளும்.

அந்த மெக்சிக்கோ மீனில் செய்த இன்னொரு பரிசோதனையைச் சொன்னபோதுதான் மருமகன் பிளேன்டீயைக் கீழே வைத்தான். ஒரு குகையின் குருட்டு மீனையும் தூரத்தில் உள்ள வேறொரு குகையின் குருட்டு மீனையும் இணைத்தார்கள். தாயும் குருடு, தகப்பனும் குருடு. ஆனால் குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கண் தெரிந்தது! 2008இல் வெளியான முடிவு இது. காரணம் எளிமையானது. ஒரு சைக்கிளில் செயின் இல்லை, மற்றதில் சில்லு இல்லை, இரண்டும் ஓடாது. இரண்டையும் கழற்றிச் சேர்த்தால் ஓடுகிற சைக்கிள் ஒன்று வந்துவிடும். இரண்டு குகைகளிலும் மீன் தனித்தனியாகக் கண்ணை இழந்திருக்கிறது, ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு பரம்பரையலகு பழுதாகியிருக்கிறது. குஞ்சுக்கு ஒரு பக்கத்தில் இல்லாதது மறு பக்கத்திலிருந்து கிடைத்தது.

கண் போன இடத்தில் மற்றப் புலன்கள் வளர்ந்திருக்கும். இறால் இனங்களில் உணர்கொம்பு நீளும், மீன்களுக்குத் தண்ணீரின் மிகச் சிறிய அசைவும் தோலில் தெரியும். சாப்பாடு என்று பார்த்தால், மழையோடு மேலிருந்து கசிந்து வரும் இலைச் சாறும் உக்கலும், மணலில் படலமாகப் படிந்த பக்டீரியாவும்தான். அவற்றைச் சின்னவை தின்னும், சின்னவற்றைப் பெரியவை தின்னும்.

சாப்பாடு குறைந்த இடத்தில் வாழ்க்கை மெதுவாகிவிடும். ஐரோப்பாவில் ஸ்லோவேனியா பக்கத்துச் சுண்ணக்கல் குகைகளில் புரோட்டியஸ் என்ற குருட்டுப் பிராணி வாழ்கிறது. 1689இல் எழுதப்பட்ட நூல் ஒன்று, ஊர்ச் சனங்கள் இதைப் பறவைநாகத்தின் (டிராகனின்) குஞ்சு என்று நம்பியதைச் சொல்கிறது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். ஏறத்தாழ 15 வயதில்தான் பருவத்துக்கு வரும். சராசரியாகப் பன்னிரண்டரை வருடத்துக்கு ஒரு தடவை முட்டையிடும், ஒரு தடவைக்கு 35 அளவில். சராசரி ஆயுள் 70 வருடத்தை நெருங்கும், 100ஐத் தாண்டவும் கூடும் என்று கணித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். நம் வாவியில் ஒரு வருடம் இறால் குறைந்தால் அடுத்த வருடம் தேறிவிடலாம். இந்த மாதிரி விலங்கு ஒன்று குறைந்தால் தேறுவதற்கு ஒரு மனித ஆயுள் போதாது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். ஆரையம்பதி மணலில் கேரளா மீன் மாதிரி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. மீன் நுழைய ஓட்டை வேண்டும், மணலில் இருப்பது வெறும் இடைவெளி. உலகின் மணல் படுகைகளில் வாழ்பவை எள்ளை விடச் சிறியவை: புழு போல நீண்ட ஓட்டுடலிகள், கொப்பேபொட் எனப்படும் நுண் இறால் வகை, நீர்ச் சிற்றுண்ணிகள். பாதினெல்லா என்ற ஒன்றை 1882இல் முதலில் விவரித்தார்கள். அது கிடைத்தது பிராக் நகரத்துக் கிணற்றில். நீளம் ஒரு மில்லிமீற்றர் அளவு. அதன் உறவினங்களின் கற்சுவடுகள் டைனோசர்களை விடப் பழமையானவை. பாதாளத்தில் அல்ல, சனம் தண்ணீர் அள்ளிய ஒரு நகரத்துக் கிணற்றில் அப்படி ஒன்று இருந்தது.

இப்படிச் சின்னவற்றைத் தேட ஒரு முறை இருக்கிறது. கரமான், ஷாப்புயி என்ற இரண்டு ஐரோப்பிய விலங்கியலாளர்கள் 1930களிலும் 1940களிலும் பரப்பியது. ஆற்றங்கரை மணலில் ஒரு குழி தோண்டுங்கள். சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் ஊறி வரும், வரும்போது இடைவெளிகளில் இருந்த உயிர்களையும் இழுத்து வரும். அந்தத் தண்ணீரை அள்ளி மிக நுண்ணிய வலையில் வடியுங்கள். அவ்வளவுதான். இதை முதன்முதல் படித்தபோது எனக்கு அம்மம்மாவின் பூவல் நினைவுக்கு வந்தது. கோடையில் கிணறு சவர்க்கும்போது, மணலில் கையால் முழங்கையளவு பூவல் தோண்டி, முதலில் கலங்கி வருவதை வெளியே ஊற்றிவிட்டு, தெளிந்து ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் குடத்துக்கு அள்ளுவா. குடத்து வாயில் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருக்கும். மீன்பிடிக்கிற வலையல்ல, வேட்டித் துண்டு. விலங்கியலாளர் வலையில் தேடுவது, அம்மம்மா அந்தத் துணியை உதறியபோது விழுந்ததைத்தான்.

கிணற்றிலும் குழாய்க் கிணற்றிலும் வேறு விதமாகச் செய்வார்கள். 50 மைக்கிரோன் (மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு) அளவு துளையுள்ள கூம்பு வலையின் நுனியில் சின்னப் போத்தலும் பாரமும் கட்டி அடிவரை இறக்குவார்கள். அடியில் ஓரிரு தடவை மேலும் கீழும் ஆட்டி மண்டியைக் கிளப்பிவிட்டு மெதுவாக இழுப்பார்கள். கிடைத்ததை மதுசாரத்தில் போட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் மணலையும் உயிரையும் ஊசி நுனியால் பிரிப்பார்கள். ஒரு தடவையில் ஒன்றும் அகப்படாவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பத் திரும்ப, மாரியிலும் கோடையிலும் போக வேண்டும். இப்போது தண்ணீரில் கரைந்து கிடக்கும் டீஎன்ஏயை வைத்தே விலங்கை அடையாளம் காண்கிறார்கள். புரோட்டியஸை அப்படித் தேடியபோது, குகைக்குள் இறங்காமல், வெளியே வரும் ஊற்று நீரை எடுத்தே அது இருப்பதை அறிந்தார்கள்.

இனி, எனக்கு மிகவும் வியப்பான பகுதி. மேற்கு அவுஸ்திரேலியாவின் யில்கார்ன் பாலை நிலத்துக்குக் கீழே சுண்ணப் படிவுத் திட்டுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நன்னீரோ சவர்நீரோ நிற்கிறது. அவற்றுக்குள் கண்ணில்லாத நீர்வண்டுகள் ஏறத்தாழ 100 இனம் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு திட்டின் வண்டு அடுத்த திட்டில் இல்லை. மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒரே பாலைவனம். கீழே அது தீவுக்கூட்டம்.

நம் எழுவான்கரையையும் அப்படி யோசித்துப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே 56 கிலோமீற்றர் நீளமான வாவி, நடுவே ஒரு மணல் கோடு. மழை நீர் அந்த மணலில் இறங்கி, பாரமான உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் அந்தக் கோட்டை வெட்டுகிறது. எறும்பை விடச் சிறிய, நன்னீரில் மட்டும் வாழக்கூடிய ஒன்றுக்கு அந்த முகத்துவாரம் பாக்கு நீரிணை மாதிரி.

அந்த வில்லை எவ்வளவு மெல்லியது என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அலை வந்து கிணறு எல்லாம் உப்பானது. சுத்தப்படுத்துவோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தோம். இறைத்த சில கிணறுகள் இன்னும் சவர்த்தன. கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், அதன் பாரம் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு சாண் குறைத்தால், கீழே உப்பு அதுபோல நாற்பது மடங்கு ஏறப் பார்க்கும். கடைசியில் தண்ணீரைத் திருத்தியது பம்பு இல்லை, அடுத்தடுத்து வந்த மாரி. இன்றைக்கு அந்த மணலுக்குள் மலசலகூடக் குழியின் கசிவும் தோட்டத்து யூரியாவும் இறங்குகின்றன. இவ்வளவும் நடக்கும்போது அதற்குள் குடியிருக்கும் உயிர் எங்கே ஓடும்? அதற்கு வேறு இடம் கிடையாது.

ரெக்சாஸில் இந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. நகரங்களும் தோட்டங்களும் எட்வேர்ட்ஸ் நீர்ப்படுகையை அளவில்லாமல் இறைத்ததால் ஊற்றுகள் வற்றும் நிலை வந்தது. ஊற்றிலும் படுகையிலும் வாழும் அருகிய இனங்களைக் காக்கும் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டார்கள். 1993இல் தீர்ப்பு வந்தது. யார் எவ்வளவு இறைக்கலாம் என்று கட்டுப்படுத்த ஓர் அதிகார சபையையே அந்த மாநிலம் அமைக்க வேண்டி வந்தது. குருட்டுச் சலமந்தர் அருகிய இனங்களின் பட்டியலில் 1967 முதல் இருக்கிறது. அதைக் காக்க எடுத்த முடிவால் இலட்சக்கணக்கான மனிதர்களின் குடிநீரும் காக்கப்பட்டது.

அன்று பின்னேரம் மருமகன் விடவில்லை. அக்காவின் பழைய வெள்ளைத் துணியைப் புனலில் கட்டி, கிணற்றில் புதிதாக ஊறிய தண்ணீர் பத்து வாளியை அதில் வடித்தோம். துணியில் தேங்கியதை வெள்ளைக் கோப்பையில் போட்டு, பள்ளிக்கூடத்துக் கைவில்லையால் பார்த்தோம். கொஞ்சம் மணல், நுளம்புக் குடம்பி ஒன்று, அப்புறம் துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் புள்ளிகள் நாலைந்து. அவன் மூச்சே விடவில்லை. வில்லையை இன்னும் கிட்டக் கொண்டுபோனான். புள்ளியின் தலைப்பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு சிவப்பு.

"இதுக்குக் கண் இரிக்கி மாமா."

ஆம், இருக்கிறது. அது சைக்கிளொப்ஸ், வெளிச்சத்தில் வாழும் கொப்பேபொட். மூடி இல்லாத கிணறு, மேலே இருந்து வந்திருக்கும். நுளம்புக்காகப் பலர் கிணற்றில் மீன் விடுவதால், இருந்தவற்றில் பாதியை மீனும் தின்றிருக்கும். திறந்த கிணற்றில் தேடும்போது முதலில் பழக வேண்டியதே இதுதான்: கண்ணுள்ளதைக் கண்ணில்லாததிலிருந்து பிரிப்பது. பார்த்துவிட்டு அதே தண்ணீரோடு திருப்பி ஊற்றிவிட்டோம். வீட்டில் இப்படிப் பார்ப்பது சரி. ஆய்வுக்கென்று விலங்குகளைப் பிடித்துச் சேர்ப்பதானால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

"மறுகா?" என்றான்.

மறுகா, தை பிறந்து வெள்ளம் வடிந்ததும், வெளிச்சம் படாத மணலில் பூவல் தோண்டிப் பார்ப்பதென்று இருக்கிறோம். துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துத் தருவது அக்காவின் பொறுப்பு. அம்மம்மாவின் சிரட்டையை அவன் ஏற்கெனவே தேடி எடுத்து வைத்துவிட்டான்.